கடைசிக் கேள்வி

புத்தக முதுகில் எண் ஒட்டிக்கொண்டே அணில் கம்ப்யூட்டரைப் பார்த்தது. நூலக வேலைக்குப் புதுசு. இன்றைக்குள் ஆன்லைன் வகுப்பை முடித்துச் சான்றிதழ் காட்டாவிட்டால் வேலை போய்விடும்.

“நடுவுல எழுந்து போனா மறுபடி முதல் பாடம்தான். ஏற்கெனவே நாலு தடவை போயிட்ட,” என்றது கம்ப்யூட்டர்.

“நூலகர் ஆமை சார் கூப்பிட்டாரேக்கா. தண்ணி கேட்டார், ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.”

“சான்றிதழ் கேக்குறது யாரு?”

“அவருதான்.”

“ஒரு நிமிஷம் சார்னு சொல்றதுக்கென்னடி?”

“அதெப்படிக்கா சொல்றது?”

கடைசிக் கேள்வி வந்தது. பதில் அணிலுக்குத் தெரியும். பசைக் கையை வாலில் துடைத்துக்கொண்டு நீட்டியபோது உள்ளேயிருந்து குரல் கேட்டது.

“அணிலு! டீ ஆறிப்போச்சு பாரு!”

“இதோ வந்துட்டேன் சார்,” என்று வாய் சொல்ல, கால் அதுபாட்டுக்கு எழுந்து நடந்தது. திரையில் மறுபடி முதல் பாடம்.