பாட்டு மிஸ் கேட்ட ஆப்

"இதுக்குப் பேரு என்ன மிஸ்? ஒரு மனுஷன் சோத்துல மண்ணள்ளிப் போடறதுதானே?"

இசை அறை வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டாள் ஆபீஸ் கிளார்க். கையில் பள்ளிக்கூடத்து டேப்லெட்.

உள்ளே நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்த பாட்டு மிஸ் நிமிர்ந்தாள். நிறைமாத வயிறு. மூச்சு வாங்கியது.

"என்னாச்சும்மா?"

"என்னாச்சா? நீங்க வாங்கித் தரச் சொன்ன சிந்தசைசர் ஆப்பைத்தான் சொல்றேன். இலவசமா வர்றதைப் போட்டுப் பார்த்துட்டு, காசு குடுத்து வாங்கறது தேவையா இல்லையான்னு சொல்லுன்னாங்க ஹெச்.எம். மேடம். போட்டுப் பார்த்தேன். பியானோ, வயலின், டிரம்ஸ் எல்லாம் ஒத்தை விரல்ல வருது. நாம வாசிச்சதைப் பதிஞ்சு வச்சுட்டா, அப்புறம் அதுவே வாசிக்குது. அப்ப டிங் டாங் சார் எதுக்கு? கேட்டுல நின்னு வர்றவங்களுக்குச் சலாம் போடவா?"

டிங் டாங் சார் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். மிஸ் பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள், சார் பியானோ வாசிப்பார். காலைப் பாட்டிலிருந்து ஆண்டு விழா வரை அந்தப் பள்ளியில் அவர் வாசிப்புதான். கிளார்க் வேலைக்குச் சேர்ந்த அன்று, மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றவளை, "இப்படி வாம்மா" என்று கூப்பிட்டு இடம் கொடுத்த ஒரே ஆள் அவர்தான்.

"மெதுவாப் பேசும்மா. சார் வர்ற நேரம்."

"வரட்டுமே! வந்து கேக்கட்டும்!"

"நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்டே. நான் லீவுல போறதுக்குள்ள அந்த ஆப் வேணும். இலவசத்துல கொஞ்ச நேரத்துக்கு மேல பதிவாக மாட்டேங்குது. வாங்கலாம்னு மட்டும் மேடம்கிட்டச் சொல்லிடு. காரணம் கேக்காதே."

"காரணம் சொல்ல வாய் வருமா? ஏற்கெனவே பாதியைப் புடிச்சாச்சு. ஆபீஸ் ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்? அவர் பெஞ்சுலயே போய் இடிச்சுக்கிட்டு உக்காந்து, பாதிப் பியானோவை நீங்களே வாசிக்கறீங்க. மீதியையும் ஆப்கிட்டக் குடுத்துட்டா வேலை முடிஞ்சுது!"

மிஸ் அவளைத் தாண்டி வராந்தாவை எட்டிப் பார்த்தாள். பிறகு நாற்காலிகளைப் போடத் திரும்பிவிட்டாள்.

கிளார்க்குக்கு அதுவே போதும். விறுவிறுவென்று தலைமையாசிரியை அறைக்கு நடந்தாள். மற்ற நாளாயிருந்தால், சொல்லப்போவதை மனசுக்குள் ஒப்பித்துப் பார்த்த பிறகுதான் அந்தக் கதவைத் தட்டுவாள். இன்று தட்டினாளா என்பதே அவளுக்கு ஞாபகமில்லை.

"அந்த ஆப் வேண்டாம் மேடம். தண்டச் செலவு."

மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவர் பதவிக்கு வந்தபின் நூலகத்தில் ஆள் குறைந்தது, தோட்டத்தில் ஆள் குறைந்தது. அந்தப் பார்வை யார் மேல் விழுந்தாலும், அடுத்தது அவர்தானோ என்று பள்ளியே பேசும்.

"ஏன் வேண்டாம்? டிங் டாங் சார் வாசிப்பு இப்பல்லாம் முன்ன மாதிரி இல்லைன்னு ஒரு பேச்சு வருதே."

"யார் கிளப்பி விட்டிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும் மேடம். நீங்களே வந்து கேளுங்க. மிஸ் பக்கத்துல உக்காந்து குழப்பாம, சார் தனியா வாசிக்கட்டும். அப்புறம் சொல்லுங்க."

"சரி, வா."

இருவரும் போனபோது டிங் டாங் சார் பியானோ முன் உட்கார்ந்திருந்தார். மேடத்தைக் கண்டதும் எழப்போனார்.

"உக்காருங்க சார். காலைப் பாட்டை ஒரு தடவை வாசிங்க, கேப்போம்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு மிஸ் அவசர அவசரமாக வந்து பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பார்த்தீங்களா மேடம்? மிஸ், எழுந்திருங்க. சார் மட்டும் வாசிக்கட்டும்."

மிஸ் அவளையே பார்த்தாள். பியானோவைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

சார் வாசித்தார். வலது கை விரல்கள் ஓடின. மெட்டு வந்தது. ஆனால் அதைத் தாங்கவேண்டிய கீழ்ச்சுரங்கள் வரவேயில்லை. பாட்டு ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு போய்ப் பாதியில் நின்றது.

இடது கை மடியிலேயே கிடந்தது.

"சார், அந்தக் கையையும் வச்சு..." என்று கிளார்க் தயங்கினாள்.

அவர் சிரிக்கப் பார்த்தார். "அது சொன்ன பேச்சு கேக்கறதில்லம்மா."

"லீவு விட்டிருந்தப்ப ஸ்ட்ரோக் வந்துச்சு மேடம்" என்றாள் மிஸ். "அந்தக் கை இன்னும் திரும்பல. அது வாசிக்க வேண்டியதை நான்தான் பக்கத்துல உக்காந்து வாசிச்சுட்டிருக்கேன். நான் பிரசவத்துக்குப் போய்ட்டா யார் உக்காருவா? எல்லாப் பாட்டுக்கும் அந்தக் கைக்கானதை ஆப்ல பதிஞ்சு வச்சுட்டுப் போனா, சார் வலது கையால அதோட சேர்ந்து வாசிச்சுக்கலாம். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்."

கிளார்க் தன் கையிலிருந்த டேப்லெட்டைக் குனிந்து பார்த்தாள். மேடத்தைக் கையோடு கூட்டி வந்தது அவள்தான். மிஸ்ஸை எழுப்பி விட்டதும் அவள்தான்.

சார் எழுந்தார். தன் பையை எடுத்து வலது தோளில் மாட்டிக்கொண்டார்.

"அப்ப நான் வர்றேன் மேடம்."

"உக்காருங்க சார்."

மேடம் வாசலுக்குப் போனார். வராந்தாவை இரண்டு பக்கமும் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து, கிளார்க் கையிலிருந்த டேப்லெட்டை வாங்கி மிஸ்ஸிடம் நீட்டினார்.

"ஆப்பை இன்னிக்கே வாங்கிடுங்க" என்றார். "இப்பவும் யாருக்கும் தெரியாது."