கொட்டகைக்கு வைஃபை

"மாட்டுக்கொட்டகைக்கா?"

வைஃபையை எட்டாத இடத்துக்கு இழுத்துத் தரும் ரிப்பீட்டர் பெட்டியைக் கையிலிருந்து கீழே வைத்துவிட்டுக் கேட்டான் ஜஸ்டின்.

"ஆமா தம்பி. அங்கதான் நெட்டு எடுக்கணும்" என்றாள் மீனம்மாள்.

வல்லத்திராக்கோட்டையில் நெட் மாடிக்கு எடுக்கவில்லை, பின் ரூமுக்கு எடுக்கவில்லை என்று கூப்பிடுவார்கள். கொட்டகைக்கு என்று யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை.

"கேமரா எதுவும் மாட்டப் போறீங்களாம்மா?"

"கேமரா எதுக்கு? என் மருமக கார்த்திகாவுக்குத்தான். போன் பேசணும்னா அங்கிட்டுத்தான் போகும்."

"ஏன், வீட்டுக்குள்ள உக்காந்து பேச வேண்டியதுதானே?"

"வீட்டுக்குள்ள நான்ல இருக்கேன்!"

ஜஸ்டினுக்குச் சுருக்கென்றது. மகன் சிங்கப்பூரில் என்று வந்ததுமே சொல்லியிருந்தாள். புருஷன் பக்கத்தில் இல்லாத பெண்ணை, ஒரு போன் பேசக்கூடச் சாணி நாற்றத்துக்கு விரட்டுகிறாளே! அவன் அக்காவும் இப்படி ஒரு மாமியாரிடம்தான் மாட்டிக்கொண்டு முழிக்கிறாள்.

முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினான்.

"கொட்டகைக்குள்ளயே மாட்டிரு தம்பி."

"அங்க மாட்டுனா வேலைக்காகாதும்மா. சிக்னல் சரியா வராத எடத்துல வச்சா, இது எதை வாங்கி எதை அனுப்பும்? பாதி வழியில இருக்கணும்."

அடுப்படியின் பின்சுவரில் இருந்த ப்ளக்கில் சொருகினான். சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கிப் பச்சையானது.

மீனம்மாள் தன் போனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். அங்கிருந்து அவனுக்கு வீடியோ கால் போட்டாள். பசுமாட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். வைக்கோல்போர் மறைவுக்கும் போய்ப் பார்த்தாள்.

"இங்கிட்டும் நல்லா எடுக்குதே தம்பி! கட்டாகாதுல்ல?"

"ஆகாதும்மா."

திரும்பி வந்தவள் முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, கார்த்திகா கடைக்குப் போயிருக்கு, இப்ப வந்திரும். நான் சொல்லி மாட்டுனேன்னு சொல்லிராத. அது புருஷன் சொன்னதாவே இருக்கட்டும்."

அதற்கு மேல் ஜஸ்டினால் அடக்க முடியவில்லை.

"மருமகளைக் கொட்டகைக்கு வெரட்டிட்டு, பழியை மகன் மேல போடுறீங்களாம்மா?"

மீனம்மாள் திகைத்துப்போனாள்.

"நான் எங்க வெரட்டுனேன்? அதுவாத்தான் போகுது. அன்னவாசல்ல இருக்க அவுக ஆத்தாகிட்டப் பேசும்."

வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எல்லாம் என்னையப் பத்தித்தான். கட்டிக்கிட்டு வந்த எடம், யார்கிட்டயாவது கொட்டணும்ல? பாதியில போன் கட்டாயிருது. மிச்சத்தை நெஞ்சுக்குள்ளயே வச்சுக்கிட்டு வந்து எனக்குச் சோறு போடுது, பாவம். முழுசாத் திட்டி முடிக்கட்டுமே!"