பெட்டி கேட்ட ஆதாரம்

ஹெப்சிபாவின் இடது கண் மங்கத் தொடங்கியபோதும், ஆதாரம் இல்லாமல் ஸ்டீராய்டு தர வீட்டு மருந்துப்பெட்டி மறுத்துவிட்டது. எந்த மருந்தும் அந்த இயந்திரம் சம்மதித்தால்தான் கிடைக்கும். நெற்றிப்பொட்டில் ஓடும் ரத்தக்குழாயில் ஒரு துண்டு வெட்டிச் சோதித்து, அழற்சி தெரிந்தால்தான் மாத்திரை.

"கண்ணுக்குப் போற ரத்தக்குழாய்ல அழற்சிதான் இது. அதுவரைக்கும் காத்திருந்தா பார்வை போயிரும், திரும்பி வராது. இப்பவே குடுங்க," என்றார் டாக்டர் நளாயினி தொலைபேசியில்.

கணவர் செல்வின் தன் ஆஸ்துமாவுக்காக வைத்திருந்த ஸ்டீராய்டு மாத்திரைகளை அவளுக்குக் கொடுத்தார். மங்கல் அதோடு நின்றது.

அடுத்த வாரம் துண்டை வெட்டிச் சோதித்தபோது அழற்சி தெரியவில்லை.

"மாத்திரை அடையாளத்தை அழிச்சிருக்கலாம். நோய் இருக்கு, நிறுத்திராதீங்க," என்று டாக்டர் பதறினார். பெட்டி ஒப்புக்கொள்ளவில்லை.

மாத்திரை தீர்ந்த அன்று காலை செல்வின் பெட்டியின் முன் நின்று, மூச்சு இழுப்பதுபோல் விடாமல் இருமினார்.

"பழைய நோயாளி என்பதால் இரண்டு வாரத்துக்குத் தருகிறேன்," என்றது பெட்டி. "அதற்குள் உங்கள் நுரையீரலில் சதை வெட்டிச் சோதிக்க வேண்டும். சம்மதமா?"

"வேண்டாம் அத்தான்," என்றாள் ஹெப்சிபா பின்னாலிருந்து.

செல்வின் திரும்பினார். அவள் இரண்டு கண்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"சம்மதம்," என்றார் பெட்டியிடம்.