ஒரு விரற்கடை

ரெண்டு படமும் பொருந்திப் போச்சு. ஸ்கேன் ரூம்ல அவ ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா.

போன வாரம் எடுத்த ஸ்கேன்ல, இதயத்தோட பக்கவாட்டுல ஓடற ரத்தக்குழாய்ல ஒரு சுருக்கம். இன்னைக்கு அவ எடுத்த ரத்த ஓட்டப் படத்துல அதே பக்கம் கறுப்பா ஒரு திட்டு. குழாயும் சரியில்லை, ரத்தமும் போய்ச் சேரலை.

பின்னாடி நின்னு எட்டிப் பார்த்த டாக்டர் யோசிக்கவே இல்லை. பைபாஸ்தான் போல, சர்ஜன்கிட்ட இப்பவே பேசிடறேன்னு போனை எடுத்துக்கிட்டுப் போயிட்டார்.

அந்த ஆள் இன்னும் மெஷினுக்குள்ளதான் படுத்திருந்தார். வெளியே பெஞ்ச்ல அவரோட மனைவி, அவர் கழட்டிக் கொடுத்த வாட்சை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு.

இந்த வேலையில அவளுக்கு இருபது வருஷம். மனசு கேக்கலை, இன்னொரு தடவை பார்த்தா.

ரத்த ஓட்டத்தை எடுக்கறப்போ மெஷின் நெஞ்சையும் சேர்த்து ஒரு படம் எடுக்கும். அது ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு அச்சா உட்காரணும்.

உட்காரலை. ஒரு விரற்கடை தள்ளியிருந்துச்சு.

இதயம் இருக்கவேண்டிய இடத்துல நுரையீரல். அப்படி இருந்தா நல்லா இருக்கிற இடம்கூடக் கறுப்பாத்தான் தெரியும்.

முதல் படம் எடுக்கறப்போ சாதாரணமா மூச்சு விடுங்கன்னுதான் ஸ்பீக்கர்ல சொன்னா. அவ குரல் கேட்டதுமே அந்த ஆள் வயித்தை எக்கி நெஞ்சைப் புடைச்சுக்கிட்டது கண்ணாடி வழியா தெரிஞ்சுது. அப்போ அவளுக்குச் சிரிப்பு வந்துச்சு. இப்போ வரலை.

மைக்கை அழுத்தினா.

"இன்னொரு படம் எடுக்கறேன். இது போட்டோ இல்லை. நெஞ்சை நிமித்தாம சும்மா மூச்சு விடுங்க."

சரிங்க மேடம்னு பதில் வந்துச்சு. அந்த மேடத்துல கொஞ்சம் கேலி இருந்துச்சு.

ஒரு நிமிஷ வேலை. புதுப் படத்தை மேல வெச்சா.

கறுப்பு இருந்த இடமே தெரியலை. குழாய் சுருங்கினது சுருங்கினதுதான். ஆனா ரத்தம் அது பாட்டுக்குப் போயிட்டிருந்துச்சு.

ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிட்டு வந்தா. அவர் மூணு தடவை உத்துப் பார்த்தார். மாத்திரை போதும், தொப்பையை மட்டும் குறைக்கச் சொல்லுன்னு சிரிச்சுட்டு, வெளியே போய் அந்த அம்மாகிட்ட அவரே சொன்னார்.

அவ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டா.

கொஞ்ச நேரத்துல அந்த அம்மா கதவைத் தள்ளிக்கிட்டு வந்து அவ கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"நீங்க யாரோ எவரோ. நல்லா இருக்கணும் அக்கா."

பின்னாடி அந்த ஆள் சட்டைப் பட்டனைக் குனிஞ்சு போட்டுக்கிட்டே இருந்தார். கடைசிப் பட்டன் போட்டப்புறமும் நிமிரலை.

வீட்டுக்கு வந்ததும் பீரோவுல துணிக்கு அடியில கிடந்த கல்யாணப் போட்டோவை வெளியே எடுத்தா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி, கோர்ட்ல விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்த அன்னைக்கு நடுவுல கத்தரிச்சது. அவ நிக்கிற பாதி மட்டும்தான் இருக்கு.

பார்த்ததும் சிரிப்பு தாங்கலை.

அவ்வளவு நேரா வெட்டியும், ஓரத்துல அந்தப் புடைச்ச நெஞ்சு மட்டும் ஒரு விரற்கடை இந்தப் பக்கம் வந்திருக்கு.