புழு வளர்த்தவள்

"ஏட்டி ஜெபகனி, என்னட்டி இது?"

பானை மேல கிடந்த சாக்கை நான்தான் இழுத்தேன். உள்ளே தவிடு. தவிட்டுக்குள்ள, சிவ சிவா, மஞ்சள் மஞ்சளா ஆயிரம் புழு நெளியுது, ஊடே கறுப்பு வண்டும் ஓடுது. அதுகளுக்குத் தின்ன ரெண்டு துண்டு பூசணித் தோல் வேற.

"புழுதான் ஐயா."

"புழுன்னு எனக்குத் தெரியாதா? வீட்டுக்குள்ள எதுக்கு வச்சிருக்க?"

"வளக்கேன் ஐயா. கோழிக்கு."

டில்லியில தர்பார் நடந்த வருஷத்து மார்கழி. அன்னைக்குத் திருவாதிரை. பாளையங்கோட்டையில எங்க சைவத் தெருவுல வீட்டுக்கு வீடு களி கிண்டுதாக. எங்க வீட்டுல களிக்கு உடைச்ச அரிசியில கறுப்பா ஒரு வண்டு கிடந்தது. எங்கயிருந்து வந்ததுன்னு பாக்கத்தான் நானும் மச்சினன் ஐயம்பெருமாளும் பின்பக்கம் போனோம். என் பெண்சாதி பார்வதியம்மாளும் பதறிக்கிட்டுப் பின்னாலயே வந்தா.

பின்னால என் மனையில குடிசை போட்டு இருந்தவ ஜெபகனி. கிறிஸ்து வேதக்காரி. புருஷன் இல்லை. துரைமார் பங்களாவுக்கு முட்டை கொடுத்துப் பிழைக்கிறவ.

ஐயம்பெருமாள் துண்டால மூக்கைப் பொத்திக்கிட்டான். "நல்லாருக்கு அத்தான்! சைவத் தெருவுல புழு வளக்க இடம் கொடுத்திருக்கீய. ஊரு கைகொட்டிச் சிரிக்கும்."

எனக்குச் சுள்ளுனு ஏறிட்டு. "கோழின்னா வெளிய மேயவிட வேண்டியதுதானே?"

"தெருவுல கோழி கால் வைக்கப்படாதுன்னு நீங்கதான ஐயா போன வருஷம் சொன்னீய. கூடைக்குள்ள அடைஞ்சு கிடக்கிற கோழிக்குப் புழு பூச்சி எங்கன கிடைக்கும்? வெறும் தவிடு தின்னா முட்டை நின்னுரும். ஒரு நாள்கூட நிக்கப்படாது ஐயா."

"நின்னா என்ன, குடி முழுகிருமோ?"

ஜெபகனி பார்வதியை ஒருதரம் பாத்தா. அவ்வளவுதான்.

கோபம் வந்தா நான் முன்னபின்ன பாக்க மாட்டேன். பானையை ஓங்கி ஒரு எத்து. நாலா உடைஞ்சுது. "பொழுது சாயுறதுக்குள்ள காலி பண்ணிரு"ன்னேன்.

அவ கோழிக்கூடையைத் தலையில தூக்கிக்கிட்டுப் போயிட்டா.

"அத்தான்னா அத்தான்தான்!"னு ஐயம்பெருமாள் மெச்சினான். மறைப்பானேன், எனக்கும் பெருமையாத்தான் இருந்தது.

மறுநாள் காலையில பார்வதி பால் கொண்டு வந்தா. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால காசம் வந்து, இருமி இருமி ரத்தம் துப்பினவன் நான். அம்பாசமுத்திரத்து வைத்தியர் சூரணம்னு சொல்லி, அன்னையிலேருந்து பால்ல என்னமோ கலக்கித் தருவா. ஏலமும் குங்குமப்பூவும் தேனுமா மணக்கும். அதைக் குடிச்சுத்தான் தேறி எந்திரிச்சேன்னு பாக்கிறவன்கிட்ட எல்லாம் சொல்லுவேன். அன்னைக்குப் பால் வெறும் பாலா இருந்தது.

"சூரணம் எங்க?"

"தீந்துட்டு."

"ஆள் விட்டு வாங்கிரவேண்டியதுதானே."

"வாங்கத்தான் ஆளு இல்லையே. நேத்து விரட்டிட்டியளே."

எனக்கு ஒண்ணும் விளங்கலை. பார்வதி முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சிட்டா.

"சூரணமாவது மண்ணாவது! தினம் ரெண்டு பச்சை முட்டையைப் பால்ல அடிச்சுக் குடிச்சாத்தான் ஆளு பிழைக்கும்னு ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாரு. செத்தாலும் சாவேன், தொடமாட்டேன்னு நீங்க குதிச்சீய. எனக்குத் தாலி வேண்டாமா? ஜெபகனி கையைப் பிடிச்சுக் கேட்டேன். மழையோ வெயிலோ, ஒரு நாள் தவறலையே அவ."

"பாவி, நேத்தே வாயைத் திறந்திருக்கலாம்ல?"

"திறக்கத்தான் போனேன். அவதான் வேண்டாம்னு கண்ணைக் காட்டிட்டா."

குமட்டிக்கிட்டு வந்திருக்கும்னு நினைப்பீய. இல்லை. பானையை எத்தின காலைத்தான் வெட்டிப் போடணும்போல இருந்தது.

நாலு நாள் விசாரிச்சு, மேலப்பாளையத்துல தறிக்கார மஹ்மூதா பீவி வீட்டுக் கொல்லையில அவளைக் கண்டுபிடிச்சேன். புதுசா ஒரு பானையில தவிடு கொட்டிக்கிட்டிருந்தா. என்னைப் பாத்ததும் பதறி எந்திரிச்சா.

"தப்புப் பண்ணிட்டேன் தாயி. எல்லாம் பார்வதி சொல்லிட்டா. திரும்ப வந்திரு."

"வாரேன் ஐயா"ன்னா உடனே. முகத்துல அம்புட்டுச் சந்தோஷம். அப்புறம் கொஞ்சம் யோசிச்சா. "ஆனா தெருவுல கேப்பாகளே. விரட்டினவளை எதுக்குக் கூட்டியாந்தீரு, புழுவும் கோழியும் திரும்ப எதுக்குன்னு. என்ன ஐயா சொல்லுவீய?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஐயம்பெருமாள் முகம் வந்து நின்னுது. கோயில் மண்டகப்படியில எனக்குக் கட்டுற பரிவட்டம் வந்து நின்னுது. தைக்குப் பேசி வச்சிருந்த மக கல்யாணமும் வந்து நின்னுது. திறந்த வாயை மூடிக்கிட்டேன்.

அவ என்னையே பாத்துக்கிட்டிருந்தா. கொஞ்சமாவது கோபப்பட்டிருக்கலாம். நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். அதுவும் இல்லை. என்னால அங்கன நிக்கவே முடியலை.

"சரி ஐயா. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன். நாளையிலேருந்து முட்டையை மஹ்மூதாக்கா கையில கொடுத்து விடுதேன், பின்வாசல் வழியா அம்மாகிட்ட வந்து சேந்துரும். நீங்க ஒண்ணும் தெரியாத மாதிரியே குடிங்க."

பாவி, இன்னைக்குக் காலையிலயும் அப்படித்தான் குடிச்சேன்.