வரப்புப் புல்லும் ஒரு போட்டோவும்

வரப்பில் ஓர் ஆடும் ஓர் எருமையும் மேய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் மருதையன் வெற்றிலையை மென்றபடி, மோட்டாருக்குக் கரண்டு வரட்டுமென்று உட்கார்ந்திருந்தார்.

காரில் வந்து இறங்கிய போட்டோக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“ஐயா, வெத்தலையத் துப்பிடுங்க. வாயில ஒரு புல்லை வச்சுக்குங்க. அப்பதான் பாக்க விவசாயி மாதிரி இருப்பீங்க.”

“புல்லா? அது மாடு திங்கிறதுங்களே!” என்றார் மருதையன். ஆனாலும் வந்தவர் மனசு நோகக்கூடாதென்று ஒன்றைப் பிடுங்கிக் கடித்தார்.

ஆடு பதறியது. “அடக் கொடுமையே, இப்பத்தான் அதுமேல ஒண்ணுக்குப் போனேன்!”

“சும்மா இரு, படம் நல்லா வரட்டும்” என்றது எருமை.

படம் காலண்டரில் வந்தது. அதற்கப்புறம் கார் காராக ஆட்கள் வந்து, ஆளுக்கொரு புல்லைக் கடித்தபடி வரப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வரப்பு மொட்டையாகிக்கொண்டே வந்தது.

“நம்ம சோத்துலயே கை வச்சுட்டாங்களே!” என்று ஆடு அழுதது.

“அழாத. நாளையிலருந்து நம்ம காலைக்கடனை இந்தப் புல்லு மேலயே முடிப்போம். அப்புறம் ஒரு பய வரமாட்டான்” என்றது எருமை.

அப்படியே செய்தன. ஞாயிற்றுக்கிழமை வந்த முதல் காரிலிருந்து இறங்கியவர் புல்லைப் பிடுங்கி வாயில் வைத்தார். இரண்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தன.

அவர் கண்ணை மூடி, ரசித்து மென்றார்.

“ஆஹா! மண்வாசனைன்னா இதுதான்யா!”