விடாத பிடி

"அசையக் கூடாது! இங்கேயே கிடக்கணும்!" என்று அந்தப் பெண் அதட்டினாள். அன்செல்மோ தன் மணிக்கட்டை அவள் பிடியிலிருந்து உருவப் பார்த்தார். அவள் விடுவதாக இல்லை.

வளைவில் அவர் ஓட்டி வந்த வாடகைக் கார் ஒரு மோட்டார் சைக்கிளைத் தள்ளிவிட்டு, வேலிக் கம்பத்தில் முட்டி நின்றிருந்தது. கதவைத் திறந்து இறங்கியதும் கால்கள் துவண்டு புழுதியிலேயே சரிந்துவிட்டார். எதிர் வீட்டிலிருந்து ஓடி வந்த பெண், வந்த வேகத்தில் அவரைத்தான் பிடித்தாள்.

சாலையின் மறுபக்கம் மாமர நிழலில் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். "அம்மா... அம்மா..." என்று அவன் முனகியது இவர்களைப் பார்த்துத்தான்.

அன்செல்மோவுக்கு வயிற்றைப் பிசைந்தது. இடித்தது இவளுடைய மகனையா?

"பல்லைக் கடிச்சிக்கோ, கிரேவின்!" என்று அங்கிருந்தபடியே குரல் கொடுத்தாள் அவள். "இந்த ஆளை விட்டுட்டு நான் வர முடியாது!"

கரும்புத் தோட்டத்திலிருந்து வெட்டுக்கத்தியும் கையுமாக ஆட்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"ஓடப் பாத்தானா, சினியா?"

"சினியாகிட்ட மாட்டினவன் எங்க ஓடுறது!"

"ஆளைப் பாத்தா அர்ஜென்டினாக்காரன் மாதிரி இருக்கு."

"உருகுவே" என்று திருத்தினாள் அன்செல்மோவின் மனைவி நேலிடா. அந்த நேரத்திலும் அதை மட்டும் அவளால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

"எந்த ஊரா இருந்தா என்ன? டூரிஸ்டுக்கு நம்ம ரோடெல்லாம் அவன் வீட்டு வாசல்தான்" என்றான் ஒருவன்.

நேலிடா காரைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்துவிட்டு, வாடகைக் கம்பெனியோடு போனில் பேசினாள். பிறகு கணவரிடம் வந்து குனிந்து கிசுகிசுத்தாள்.

"காரை இம்மிகூட நகர்த்தக் கூடாதாம். டிராஃபிக் போலீஸும் இன்ஷூரன்ஸ் ஆளும் வந்து பாக்கணுமாம். அன்செல்மோ, நீ எதையும் ஒத்துக்காத. 'தப்பு என்னோடது'ங்கிற வார்த்தையே வாயில வரக் கூடாதாம்."

அவர் தலையாட்டினார். ஆனால் மனசு கேட்கவில்லை. வழி பார்ப்பதற்காகப் போனுக்குக் குனிந்த அந்த ஒரு நொடிதான் எல்லாவற்றுக்கும் காரணம். அது அவருக்கு மட்டுமே தெரியும்.

நாக்கு வறண்டது. நேலிடா பாட்டிலைத் திறந்து அவர் உதட்டில் வைத்தாள். சினியா அதைத் தட்டிவிட்டாள். தண்ணீர் புழுதியில் கொட்டியது.

"ஒரு சொட்டு குடுக்கக் கூடாது!"

"நீயெல்லாம் மனுஷியா?" நேலிடாவுக்கு அழுகை வந்துவிட்டது. "வேணும்னா அவர் இடிச்சார்? தாகத்துல தவிக்கிறவருக்குத் தண்ணிகூடக் குடுக்கக் கூடாதா?"

சினியா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். போலீஸ் வரும்வரை விடமாட்டாள் என்று அன்செல்மோவுக்குப் புரிந்தது. உச்சி வெயிலிலும் அவர் உடம்பு நடுங்கியது. ஜெயிலை நினைத்ததால் வந்த நடுக்கம் என்றே அவர் எண்ணினார்.

எதிர்ப்பக்கம் கிரேவின் மறுபடி அலறினான். இவ்வளவு வலியில் பெற்ற பிள்ளை கூப்பிட்டும் போகாமல் தன்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்றால், இவள் மனதில் எவ்வளவு ஆத்திரம் இருக்க வேண்டும்! அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"அம்மா... தப்பு என்னோடதுதான். நான் ரோட்டைப் பாக்கல..."

"அன்செல்மோ!" என்று பதறினாள் நேலிடா.

"பேசாதீங்க" என்றாள் சினியா. அவள் பிடி இன்னும் இறுகியது. "ஒரு வார்த்தை பேசக் கூடாது."

மன்னிப்புக் கேட்கக்கூட விடமாட்டேன் என்கிறாளே என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். சுற்றி நின்றவர்களின் குரல்கள் எங்கோ தொலைவில் கேட்பதுபோல் இருந்தன.

சைரன் சத்தம் நெருங்கியது. ஆம்புலன்ஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. குதித்து இறங்கிய ஊழியன் அவளைக் கண்டதும் திகைத்தான்.

"சினியா அக்கா! இன்னிக்கு உங்களுக்கு லீவாச்சே?" மரத்தடியைப் பார்த்தவன் முகம் மாறியது. "ஐயோ, நம்ம கிரேவினா அது? டேய், ஸ்ட்ரெச்சரை அந்தப் பக்கம் தள்ளு! வண்டியில ஒருத்தரைத்தான் படுக்க வைக்க முடியும்க்கா, அடுத்த வண்டி வர நேரமாகும்."

சினியா மகனை ஒரு முறை பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. அப்போதும் அன்செல்மோவின் மணிக்கட்டை விடாமல் சொன்னாள்:

"அவனுக்குக் கால்தான்டா... முதல்ல இவரை ஏத்துங்க, வயித்துக்குள்ள ரத்தம் கசியுது, நாடி விழுந்துக்கிட்டே இருக்கு."